சென்சாரோடு மரையும் கழன்று வந்தால்: கனரக வண்டி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: டீசல் லாரி, பஸ்களின் புகைவழியில் சென்சார் திருகப்படும் மரைத் துளை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிரேக் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, எங்கள் லாரியில் புகைக்கரி வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் வெப்ப சென்சாரைக் கழற்றும்போது பாதியில் இறுகி நின்றுவிட்டது. பலமாகத் திருகியதில் வெளியே வந்தது. ஆனால் துளையின் மரையும் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைச் சீராக்கிப் புதுச் சென்சாரை மாட்டிவிடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். அந்தத் துளைக்குக் கீழே இருப்பது பீங்கான் தேன்கூடு போன்ற வடிகட்டி. நீங்கள் காப்பாற்ற வேண்டியது முதலில் அதை, துளை இரண்டாவது. டேப் வெட்டித் தள்ளும் உலோகத் தூள் உள்ளே விழுந்தால், என்ஜின் ஓடத் தொடங்கியதும் புகை அதை வடிகட்டியின் முகத்தில் கொண்டுபோய் அறையும். சென்சார் விலையை மிச்சம் பிடிக்கப் போய் வடிகட்டிக்குச் செலவு வைத்த பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன்.

டேப்பும் மரை சீராக்கும் கருவியும் ஒன்றல்ல. டேப் புதிதாக வெட்டும். மரை சீராக்கி, சாய்ந்து கிடக்கும் மரையைப் பழைய இடத்துக்குத் தள்ளும். உலோகத்தை ஏறக்குறைய எடுக்காது. முதல் முயற்சி அதனோடுதான். அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். வெப்ப சென்சார்களில் 14 மி.மீ., 16 மி.மீ. மரைகள் உண்டு; புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் நாக்ஸ் சென்சாரில் பெரும்பாலும் 20 மி.மீ.; மரை இடைவெளி பொதுவாக 1.5 மி.மீ. 'பொதுவாக' என்பதை நம்பாமல், பழைய சென்சாரின் மேல் மரை அளவியை வைத்துப் பார்த்துவிட்டுக் கருவியை எடுங்கள்.

கருவியின் பள்ளங்களில் கெட்டியாகக் கிரீஸ் அப்புங்கள். அரைச் சுற்று உள்ளே, பிறகு வெளியே, துடைப்பு, மறுபடி கிரீஸ். சலிப்பான வேலைதான். தூள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வருவதற்காகத்தான் இத்தனை பாடு. மிச்சத்தை மெல்லிய குழாய் மாட்டிய உறிஞ்சியால் எடுங்கள். காற்றடித்து ஊதாதீர்கள், உள்ளேதான் போகும். காந்தத்தையும் நம்ப வேண்டாம்: சென்சார் திருகப்படும் துளையின் மரை வளையம் பல வண்டிகளில் காந்தம் ஒட்டாத வகை ஸ்டெயின்லெஸ் எஃகு. வடிகட்டி இருக்கும் பெட்டியைக் கழற்றிக் கீழே இறக்க முடிந்தால் இன்னும் நல்லது. துளை தரையைப் பார்க்கும்படி திருப்பி வைத்து வேலை செய்யலாம்.

சீராக்கிய பின் புதுச் சென்சாரைக் கையால் திருகிப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் அடிவரை இறங்குகிறதா? பல வெப்ப சென்சார்களில் புகையை அடைப்பது மரை அல்ல. துளையின் அடியில் இருக்கும் கூம்பு இருக்கைதான். மரை நன்றாக இருந்தும் அந்த இருக்கை கீறியிருந்தால் புகை கசியும். எத்தனை இறுக்கினாலும் நிற்காது.

மரை மீளாத அளவுக்குப் போயிருந்தால் இரண்டு வழி. ஒன்று, துளையைப் பெரிதாக்கி உள்ளே மரைச் செருகு வைப்பது. சாதாரண ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள் செருகுகள் சுமார் 425 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்வதற்கானவை. வடிகட்டியில் சேர்ந்த கரியை வண்டி எரிக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் 600 டிகிரியைத் தொடும். ஆகவே அந்த இடத்தில் வெப்பம் தாங்கும் எஃகில் செய்த முழு உருளைச் செருகு (புஷ்) தவிர வேறெதையும் நான் ஏற்க மாட்டேன். அதுவும் கூம்பு இருக்கையைத் தின்றுவிடாமல் துளைக்க முடிந்தால் மட்டும்.

இரண்டாவது வழி, பழைய வளையத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைப்பது. எனக்குப் பிடித்தது இதுதான், செய்பவர் ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர் என்றால். பெட்டியின் உடல் ஒரு வகை ஸ்டெயின்லெஸ், வளையம் வேறு வகை என்பது சாதாரணம். சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. அதனால் வெல்டர் 309எல் என்ற ஸ்டெயின்லெஸ் வெல்டிங் கம்பியைக் கேட்டால் அவருக்கு விஷயம் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைத்த இரும்புக் கம்பியை எடுத்தால் வேறு ஆளைத் தேடுங்கள். பல பெட்டிகளுக்கு இரட்டைச் சுவர். நடுவே வெப்பத் தடுப்புப் பஞ்சு. உள்சுவரோடு சேராமல் வெளிச்சுவரில் மட்டும் வளையத்தைப் பற்றவைத்தால் புகை பஞ்சுக்குள் புகுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வேலை அழகாகத்தான் தெரியும். பீங்கானைச் சுற்றிப் பிடித்திருக்கும் பாய் உள்ள பகுதியில் நெருப்பே காட்டக் கூடாது.

வண்டியில் வைத்தே பற்றவைப்பதானால் பேட்டரியைக் கழற்றுங்கள்; தயாரிப்பாளர் சொல்லும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் இணைப்புகளையும், பக்கத்தில் உள்ள சென்சார் இணைப்புகளையும் பிரித்துவிடுங்கள். எர்த் கவ்வி பற்றவைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். சேசிஸின் மறுமுனையில் மாட்டினால் மின்சாரம் எந்த வழியாகத் திரும்பும் என்பது அதன் விருப்பம்.

கேள்வி: சென்சாரின் அறுகோணத் தலை உடைந்து, மரைப் பகுதி துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. எப்படி எடுப்பது?

பதில்: உடைவதற்கு முன்பே செய்திருக்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற சென்சார்களுக்காவது உதவும். ஸ்டெயின்லெஸ் மரைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பிய்த்துக்கொள்ளும் குணம் உடையவை. அதற்குத் துரு கூடத் தேவையில்லை. துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் மாலையே, குழாய் தொடக்கூடிய சூட்டில் இருக்கும்போது விடுங்கள். கொதிக்கும் குழாயில் விட்டால் தீப்பிடிக்கும். மறுநாள் வளையத்தை மட்டும் சூடாக்குங்கள். இண்டக்‌ஷன் சூடாக்கி இருந்தால் தீச்சுடரே வேண்டாம். கால் சுற்று கழற்றுங்கள், இறுகினால் அரைக்கால் சுற்றுத் திரும்ப உள்ளே விடுங்கள், எண்ணெய் விடுங்கள், மறுபடி கழற்றுங்கள். இறுகிய பிறகும் ஒரே திசையில் இழுப்பதுதான் மரையைக் கிழிக்கிறது. அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் துப்பாக்கியை இந்த வேலைக்குக் கொண்டுவருபவரை என் பட்டறையில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது உங்கள் நிலைமை. வெப்ப சென்சாராக இருந்தால் நடுவில் மெல்லிய உலோகத் தண்டு. அது பெரும்பாலும் மரைத் துண்டோடு சேர்ந்தே வரும். நாக்ஸ் சென்சார் என்றால் உள்ளே பீங்கான். துளைக்கும்போது நொறுங்கி உள்ளே விழும், ஆகவே பெட்டியைக் கழற்றாமல் தொடங்காதீர்கள். இடது சுற்று துளைக்கும் பிட்டால் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். பல நேரம் பிட் கடிக்கும் வேகத்திலேயே துண்டு சுழன்று வெளியே வந்துவிடும். வராவிட்டால் மரையைத் தொடாத அளவு வரை துளைத்து, மிஞ்சும் மெல்லிய உலோகத் தோலைக் கூர்முனையால் உள்நோக்கி மடக்கி உரித்து எடுக்க வேண்டும். பொறுமை இல்லை என்றால் வளையத்தையே மாற்றிவிடுங்கள். நேரக் கணக்கில் சில சமயம் அதுவே லாபம்.

கேள்வி: புதுச் சென்சாரின் மரையில் இறுகாமல் தடுக்கும் பசை தடவலாமா?

பதில்: பல சென்சார்கள் தடவியே வருகின்றன, அவற்றின் மேல் இன்னொரு பூச்சு வேண்டாம். இல்லாதவற்றுக்கு நிக்கல் கலந்த, அதிக வெப்பம் தாங்கும் வகையை மரையில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். நுனியில் பட்டால் சென்சார் கெடும். பசை தடவிய மரை அதே முறுக்கில் இன்னும் அதிகம் இறுகும். எனவே கையேட்டில் உள்ள முறுக்கு அளவு உலர்ந்த மரைக்கா, பசையோடா என்று பாருங்கள்.

கேள்வி: மரையைச் சீர்செய்து புது நாக்ஸ் சென்சாரும் போட்டாகிவிட்டது. ஆனால் எஸ்சிஆர் (யூரியா தெளித்து நாக்ஸைக் குறைக்கும் அமைப்பு) திறன் குறைவு என்ற எச்சரிக்கை மறுபடி வருகிறது. சென்சாரே போலியோ?

பதில்: இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் மரையை. எஸ்சிஆருக்கு முன்னால் உள்ள துளை கசிந்தால் புகை மட்டும் வெளியே போவதில்லை. அழுத்தம் துடிக்கும்போது வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். காற்று கலந்தால் நாக்ஸ் அளவு குறைவாகத் தெரியும். எஸ்சிஆருக்குள் நுழையும் அளவு குறைந்து, வெளியேறும் அளவு அப்படியே இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் என்ன முடிவுக்கு வரும்? திறன் குறைந்துவிட்டது என்றுதான். இணைப்பைச் சுற்றிக் கருப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். யூரியா தெளிக்கும் இடத்துக்குப் பிறகு என்றால் வெள்ளைப் படிகம் படிந்திருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் என்ஜினை நிறுத்தி, குறைந்த அழுத்தக் காற்றோடு சோப்பு நீர் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: மரை போன துளையை போல்ட் போட்டு அடைத்து, சென்சாரை வெளியே கட்டிவைத்து ஓட்டலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். சரியா?

பதில்: சரியில்லை. வெளியே தொங்கும் வெப்ப சென்சார் காற்றின் சூட்டைச் சொல்லும். வண்டி அதை நம்பாமல் கரி எரிப்பை நிறுத்திவிடும். கரி சேரும், என்ஜின் சக்தியைக் குறைக்கும். புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றுவது சட்டப்படி குற்றம் என்பது தனி.

கேள்வி: பழைய துளை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அதை அடைத்துவிட்டு, வசதியான பக்கத்தில் புது வளையம் பற்றவைக்கலாமா?

பதில்: வெப்ப சென்சாருக்கே நான் ஒப்பமாட்டேன், நாக்ஸ் சென்சாருக்கு வாய்ப்பே இல்லை. யூரியாவும் புகையும் எங்கே நன்றாகக் கலந்திருக்கும் என்று சோதித்துத்தான் தயாரிப்பாளர் அந்த இடத்தைத் தேர்ந்திருப்பார். நாக்ஸ் சென்சார் அமோனியாவையும் நாக்ஸ் என்றே படிக்கும். கலவை சீராக இல்லாத இடத்தில் வைத்தால் தவறான எண்ணைச் சொல்லும். அதன் உள்ளே இருக்கும் சிர்கோனியா பீங்கான் சுமார் 800 டிகிரிக்குச் சூடாக்கப்படுகிறது. குழாயின் அடிப்பக்கத்தில் மாட்டினால் தேங்கும் நீர்த்துளி பட்டு விரிசல் விடும். கை எட்டவில்லை என்றால் பக்கவாட்டில் பிளவுள்ள சாக்கெட்டும் நீட்டுக் கம்பியும் வாங்கிக்கொள்ளுங்கள். நாக்ஸ் சென்சாரின் ஒயர் அதன் மின்னணுப் பெட்டியோடு நிரந்தரமாக இணைந்தது, அதை வெட்டி ஒட்டக் கூடாது. கழற்றும்போது முதலில் அந்தப் பெட்டியை அதன் இடத்திலிருந்து விடுவியுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒயரும் முறுக்கிக்கொள்ளும்.