எதிர்பார்த்தது தப்பா? (கடிதமும் பதிலும்)

வணக்கமுங்க அண்ணா,

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் காங்கயம் பக்கம். உங்களிடம் புத்தகம், சினிமா பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இதைக் கேட்கலாமா என்று யோசித்து யோசித்து இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வீடியோ கேம் என்றால் உயிர். ஒரு கேமுக்காக மூன்று வருடம் காத்திருந்தேன். தீபாவளி போனஸ் வந்ததும் கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய் கட்டி முன்பதிவு செய்தேன். வெளியான அன்று இரவு தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். படம் விட்டு விட்டு ஓடுகிறது. டிரெய்லரில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு போன தெருக்கள் என் டிவியில் காலியாகக் கிடக்கின்றன. நடுவில் இரண்டு முறை கேம் நின்று வெளியே தள்ளிவிட்டது. என்னிடம் இருப்பது டிவியில் மாட்டி ஆடும் பழைய கன்சோல்தான், ஆனால் அதற்கும் சேர்த்துத்தானே விற்றார்கள்? ஸ்டோரில் பணத்தைத் திருப்பிக் கேட்டால், டவுன்லோடு ஆகிவிட்டதால் முடியாது என்று பதில் வந்தது.

அம்மா, "போனஸ் காசை இப்படிக் கரியாக்கிட்டியே கண்ணு" என்றார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நண்பர்கள், "நீ ரொம்ப எதிர்பார்த்துட்ட, அதுதான் தப்பு. எதிர்பார்க்காம வாங்கினா ஏமாற்றமே வராது" என்கிறார்கள். பணம் போனதைவிட அதுதான் வலிக்கிறதுங்க. நான் எதிர்பார்த்தது தப்பா?

இன்னொன்று. அடுத்து ஒரு கேம் வரப்போகிறது, முன்பதிவு திறந்துவிட்டார்கள். போடலாமா?

பெயர் போட வேண்டாம் அண்ணா.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் பெயரோடு அந்தக் கேமின் பெயரையும் எடுத்துவிட்டேன். இருந்தால் பேச்சு அந்த ஒரு கேமைப் பற்றிய சண்டையாகிவிடும்.

எதிர்பார்த்தது தப்பில்லை. நண்பர்கள் உங்களைத் தேற்றத்தான் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் அந்த யோசனையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று வருடம் ஒரு கற்பனை உலகத்தை நினைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்திருக்கிறீர்கள். அந்த நாட்களின் சந்தோஷம் உண்மையானது, உங்களுடையது. எதையும் எதிர்பார்க்காமல் வாங்கப் பழகிவிட்டால், அப்புறம் எதற்காக வாங்குவது?

எதிர்பார்ப்புதான் கேமைக் கெடுக்கிறது என்றால் முதலில் கெட்டிருக்க வேண்டியது 'ஹாலோ நைட்: சில்க்சாங்'. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் செய்த கேம் அது. 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள், 2025 செப்டம்பரில்தான் வந்தது. ஆறரை வருடம் உலகம் முழுக்க ஆட்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வந்த அன்று கூட்டம் தாங்காமல் ஆன்லைன் ஸ்டோர்களே திணறின. பெரும்பாலானவர்களுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவு எதிர்பார்ப்பையும் அந்தக் கேம் தாங்கியது.

அப்படியானால் உங்கள் விஷயத்தில் எங்கே இடறியது? நீங்கள் தினமும் பார்க்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். பையருக்கு முதலில் சாம்பிள் போகிறது. உங்கள் கம்பெனியிலேயே கை சுத்தமான டெய்லர் அதைத் தைக்கிறார். ஒரு பிசிறு விடாமல் வெட்டி, அயர்ன் செய்து, கூரியரில் அனுப்புகிறீர்கள். அதைப் பார்த்து பையர் ஆர்டர் போடுகிறார். ஆனால் அந்த ஒரு பீஸைப் பார்த்துவிட்டு மொத்தப் பணத்தையும் கையில் கொடுப்பதில்லை. உற்பத்திக்கு முந்தைய பி.பி. சாம்பிள் ஓகே ஆக வேண்டும், மொத்தச் சரக்கான பல்க் ஓட வேண்டும், நிறத்தின் ஷேட் ஒத்துப்போக வேண்டும், துணியின் எடையான ஜி.எஸ்.எம். சரியாக இருக்க வேண்டும். கடைசியில் இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வந்து, அவர் கைகாட்டுகிற பெட்டியைப் பிரித்து அளந்து பார்க்கிறார். டிரெய்லர் என்பது சாம்பிள் பீஸ். நீங்கள் அதை மட்டும் பார்த்து முழுப் பணத்தையும் கட்டிவிட்டீர்கள். முன்பதிவு என்ற ஏற்பாடே உங்களை அப்படிச் செய்ய வைப்பதற்காக இருப்பது.

டிரெய்லர் செய்கிறவர்கள் எல்லோரும் பொய் சொல்ல உட்கார்ந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பெரிய கேம் ஒன்றில் தெரு ஒரு குழுவிடம், எதிரிகளின் நடத்தை இன்னொரு குழுவிடம், ஒலி வேறொரு இடத்தில் என்று நாலைந்து வருடம் தனித்தனியாக வளர்கிறது. எல்லாம் ஒன்று சேர்ந்து ஒழுங்காக ஓடுவது பெரும்பாலும் கடைசி மாதங்களில்தான். அதற்குள் கேம் விழாக்களில் காட்ட ஏதாவது வேண்டும். ஆகவே பத்துப் பதினைந்து நிமிடத் துண்டு ஒன்றைத் தனியாக மெருகேற்றி, சக்தி வாய்ந்த கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுகிறார்கள். பிறகு அதே உலகத்தைப் பழைய கன்சோலுக்குள் அடக்க வேண்டிவரும்போது மெமரி போதாது. தெருவில் நடக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் உருவம், நடை, எதிரே வருகிறவரைப் பார்த்து விலகுகிற புத்தி என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். எதையாவது வெட்டியே ஆக வேண்டும் என்றால், கதையைத் தொடாமல் வெட்டக்கூடியது கூட்டம்தான். உங்கள் டிவியில் தெரு காலியாகக் கிடந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

ஆனால் அதைத் தெரிந்துகொண்டே வாங்குகிறவரிடமிருந்து மறைக்கும்போது கதை வேறாகிவிடுகிறது. 'சைபர்பங்க் 2077' நினைவிருக்கும். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2012-ல் அறிவித்த கேம். 2020 ஏப்ரலில் வர வேண்டியது மூன்று முறை தள்ளிப்போய் டிசம்பர் 10 அன்று வந்தது. அதற்குள் முன்பதிவே 80 லட்சம். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்ததோ கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும். வெளியாகும்வரை அவர்கள் தாங்களே பதிவு செய்த காட்சிகளைக் காட்டக் கூடாது, நிறுவனம் தருகிற காட்சிகளைத்தான் போட வேண்டும். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற பழைய கன்சோல்கள் இரண்டிலும் அது எப்படி ஓடுகிறது என்பதைப் பணம் கட்டியவர்கள் தங்கள் வீட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷனை விற்கும் சோனி தன் ஸ்டோரிலிருந்து கேமை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் மறுபடி விற்பனைக்கு வந்தது.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. 2023 செப்டம்பரில் 2.0 என்ற பெரிய அப்டேட் வந்தது, கேம் உண்மையிலேயே நன்றாகிவிட்டது. எல்லோரும் பாராட்டினார்கள், நானும் ரசித்தேன். ஆனால் அந்த அப்டேட் பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வரவில்லை. எல்லோருக்கும் முந்தி நம்பிப் பணம் கட்டி, எல்லோரையும்விட மோசமாக அடிபட்டவர்களுக்குத் திருந்திய கேம் கிடைக்கவே இல்லை. அதற்காகவே புதிய கன்சோல் வாங்கியிருக்க வேண்டும். பொறுத்திருந்து தள்ளுபடியில் பாதி விலைக்கு வாங்கியவர்கள் முழுக் கேமை ஆடினார்கள். நம்பினவனுக்கு நட்டம், சந்தேகப்பட்டவனுக்கு லாபம் என்று ஒரு தொழில் நடந்தால், அதில் நம்பினவனைப் பார்த்து 'நீ ஏன் எதிர்பார்த்தாய்' என்று கேட்பது நியாயமே இல்லை.

விண்வெளியில் கிரகம் கிரகமாகச் சுற்றும் 'நோ மேன்ஸ் ஸ்கை' இன்னொரு மாதிரி. இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் என்ற சின்னக் குழு 2013 டிசம்பரில் டிரெய்லர் காட்டியது, 2016 ஆகஸ்டில் கேம் வந்தது. ஆடுகிற மற்றவர்களை அதற்குள் சந்திக்க முடியும் என்று பேட்டிகளில் சொல்லியிருந்தார்கள். வந்த முதல் நாளே இரண்டு பேர் அந்தப் பிரம்மாண்டமான அண்டத்தில் தேடிப்பிடித்து ஒரே இடத்தில் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியவில்லை. புகார் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புவரை போனது. அவர்கள் விற்பனைப் பக்கத்தில் இருந்த படங்களையும் வீடியோக்களையும் வாசகங்களையும் ஆராய்ந்து, அதில் தவறில்லை என்று 2016 நவம்பரில் முடித்துக்கொண்டார்கள். வாங்கியவர்களின் ஆசை வளர்ந்ததோ பேட்டிகளில். அதற்குப் பிறகு அந்தக் குழு அதிகம் பேசாமல் வருடக்கணக்கில் வேலை செய்தது. 2018 ஜூலையில் பலரும் சேர்ந்து ஆடும் வசதி முழுமையாக வந்தது. எந்த அப்டேட்டுக்கும் தனியாகக் காசு வாங்கவில்லை. சொன்ன சொல்லைத் தாமதமாகவாவது நிறைவேற்றியவர்கள் என்று அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இதெல்லாம் இல்லாத ஏமாற்றமும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கேம் சொன்னபடியே இருக்கும், நமக்குத்தான் ஒத்துவராது. ரொம்ப மெதுவாகப் போகிறது, ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று தோன்றும். சில்க்சாங்கையே கஷ்டம் தாங்காமல் பாதியில் விட்டவர்கள் உண்டு. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் இருப்பது அந்த வகை இல்லை.

ஆடிப் பார்த்துவிட்டு வாங்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. ஐடி சாப்ட்வேர் (id Software) என்ற அமெரிக்க நிறுவனம் 1993 டிசம்பர் 10 அன்று 'டூம்' கேமை வெளியிட்டபோது மூன்று பாகங்களில் முதல் பாகத்தை முழுக்க இலவசமாக விட்டார்கள். காப்பி எடுத்து நண்பர்களுக்குக் கொடுக்கலாம். பிடித்தால் காசு அனுப்பி மீதியை வாங்க வேண்டும். பின்னாளில் நம் ஊர்களில் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒரு சிடி வரும், அதில் ஆடிப் பார்க்க நாலைந்து கேம்களின் டெமோ இருக்கும். முன்பதிவு என்பது பெட்டியில் டிஸ்க் விற்ற நாட்களில் வந்த பழக்கம். கடைக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று தெரிய வேண்டும், நமக்கும் தீர்ந்துபோகாமல் ஒன்று கிடைக்க வேண்டும். டவுன்லோடுக்கு ஸ்டாக் தீர்வது ஏது?

கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் ஸ்டோரில் 2015-லிருந்து ஒரு நல்ல விதி இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். கன்சோல் ஸ்டோர்கள் பொதுவாக இவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. அதனால் கன்சோலில் ஆடுகிறவர்கள்தான் கூடுதலாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது. முடிந்தால் டிஸ்க்காக வாங்குங்கள். பிடிக்காவிட்டால் கொஞ்சம் நட்டத்தோடாவது கைமாற்றிவிடலாம்.

உங்கள் பணத்தை இன்னும் விட்டுவிட வேண்டாம். பிடிக்கவில்லை என்று எழுதாமல், கேம் நடுவில் நிற்கிறது என்று எழுதுங்கள். நிற்கும் இடத்தை வீடியோ எடுத்து, தேதியும் கன்சோல் மாடலும் சேர்த்து ஸ்டோருக்கு மறுபடி அனுப்புங்கள். பொருளில் குறை என்றால் பரிசீலிக்க அவர்களுக்குத் தனி வழி இருக்கும். அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அம்மாவிடமும் பேசுங்கள். சூதாட்டத்தில் விட்ட காசு இல்லை இது, விலை கொடுத்து வாங்கிய சரக்கு சரியில்லை என்று சொன்னால் திருப்பூர்ப் பக்கம் யாருக்கும் புரியும்.

அடுத்த கேமுக்கு முன்பதிவு போட வேண்டாம். கூடக் கிடைக்கும் உடை, துப்பாக்கி, மூன்று நாள் முந்தி ஆடும் சலுகை எல்லாமே விமர்சனம் வருவதற்குள் உங்களை வாங்க வைக்கத்தான். டிரெய்லரைப் பாருங்கள், நண்பர்களோடு இராத்திரி முழுக்கப் பேசுங்கள், விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள். கேம் வந்ததும் ஒரு வாரம் பொறுங்கள். உங்களிடம் இருக்கும் அதே கன்சோலில் யாரோ ஒரு சாதாரண ஆள் வெட்டாமல் ஒட்டாமல் ஆடுகிற வீடியோவை, நிறுவனத்திடம் காசு வாங்காதவர் போட்டதாகத் தேடி எடுத்து, அரை மணி நேரம் பாருங்கள். விமர்சனங்களை வெளியாகும் நிமிடம்வரை தடுத்து வைத்திருந்தார்களா என்றும் கவனியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். எந்தக் கேம் என்று நீங்கள் சொல்லவில்லை. வாங்கி ஆடிய பிறகு எப்படி இருந்தது என்று எழுதுங்கள், பெயரோடு.

அன்புடன்,
அண்ணன்