லீவைப் பார்த்தீர்கள், டைம்டேபிளைப் பார்த்தீர்களா?

கேள்வி: என் மகள் கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பாரதியார் பல்கலைக்கழக இணைப்பு. இதுவரை அரியர் கிடையாது. சென்னையில் வரன் அமைந்து நிச்சயமும் முடிந்தது. மாப்பிள்ளைக்கு நவம்பர் 2-வது வாரம்தான் லீவு கிடைக்கும் என்பதால் அதற்கேற்பத் தேதி குறித்திருக்கிறோம். 5-வது செமஸ்டரை இங்கே முடித்துவிட்டு, கடைசி செமஸ்டரை மட்டும் சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் படிக்கட்டும் என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். பாஸான பாடங்களுக்குக் கிடைக்கிற கிரெடிட் புள்ளியை இப்போதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமாமே? என்னென்ன சான்றிதழ் வாங்க வேண்டும்?
– ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: சான்றிதழ்களுக்குப் பிறகு வருகிறேன், அம்மா. போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ‘மாப்பிள்ளைக்கு நவம்பர் 2-வது வாரம்தான் லீவு’ என்று, அதை முதலில் பேசுவோம். மாப்பிள்ளையின் ஆபீஸ் லீவைக் கேட்டிருக்கிறீர்கள். பஞ்சாங்கம் பார்த்திருக்கிறீர்கள். மண்டபம் காலியா என்று நாலு இடத்தில் விசாரித்திருப்பீர்கள். உங்கள் மகளுக்குப் பரீட்சை எப்போது என்று அந்த வீட்டிலோ இந்த வீட்டிலோ ஒருவராவது கேட்டீர்களா? 5-வது செமஸ்டர் தேர்வு பெரும்பாலான கல்லூரிகளில் நவம்பரில்தான் நடக்கிறது. பந்தக்கால் நடுகிற அன்றைக்கே அவளுக்குக் கரிம வேதியியல் பேப்பர் இருந்தால் என்ன செய்வதாக உத்தேசம்? ‘அரியர் கிடையாது’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். முதல் அரியரை அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்போவது நீங்கள்தான்.

மாப்பிள்ளை அடுத்த வருடமும் லீவு போடலாம். பரீட்சை ஹால் யாருக்காகவும் காத்திருக்காது.

இனி கிரெடிட். ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ என்று பெயர் வைத்தாலும் வைத்தார்கள், கோவையில் போட்டுச் சென்னை ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2021-ல் கொண்டுவந்த விதிமுறை அது. சேர்ந்த கிரெடிட் அதிகபட்சம் 7 வருடம் செல்லும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதே விதிமுறையில் இன்னொன்றும் இருக்கிறது: பட்டம் தருகிற நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டையாவது படித்துப் பெற்றிருக்க வேண்டும். நம் ஊர் மூன்று வருட பி.எஸ்சி.க்கு மொத்தம் 140 கிரெடிட். பாதி 70. கடைசி செமஸ்டரில் மிச்சம் இருப்பது சுமாராக 20 முதல் 25. அதாவது, சென்னையில் பட்டம் வாங்க இன்னும் 45-க்கு மேல் வேண்டும். அது இரண்டு செமஸ்டர் படிப்பு. சம்பந்தி சொல்கிற ‘கடைசி செமஸ்டர் மட்டும்’ என்பது கணக்கில் மூன்று செமஸ்டராகிறது. ஏற்கெனவே எழுதிப் பாஸான பாடங்களையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

கிரெடிட் பேங்கை விட்டுவிட்டுப் பழைய முறையில், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டு மாறலாமே என்பீர்கள். அங்கே பாட இணைத்தன்மை, அதாவது இரண்டு இடத்துப் பாடமும் ஒத்துப்போகிறதா என்று, பார்ப்பார்கள். பேப்பரின் தலைப்பு ஒன்றாக இருந்தால் போதாது. 5 யூனிட்டையும் எதிரெதிரே வைத்து ஒப்பிடுவார்கள். தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. இங்கே 3-வது செமஸ்டரில் முடித்த லேப் அங்கே 6-வதில் வரும். அங்கே 2-வதிலேயே முடித்துவிட்ட அல்லைடு (துணைப்பாட) பேப்பர் இங்கே இருக்கவே இருக்காது. இல்லாத பேப்பரையெல்லாம் அவள் தனியாக எழுதித் தீர்க்க வேண்டும். தியரி என்றால் வீட்டில் உட்கார்ந்து படித்துவிடலாம். லேப் வகுப்பில் 30 மணி நேரம் நின்றால்தான் ஒரு கிரெடிட். புது மருமகளுக்கு அந்த மணிநேரத்தை யார் தருவார்கள்?

காலக் கணக்கும் உதைக்கிறது. நவம்பரில் எழுதும் தேர்வுக்கு ரிசல்ட் வருவதற்குள் டிசம்பரில் அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடும். 5-வது செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் கையில் இல்லாமல் எந்தப் பல்கலைக்கழகம் இணைத்தன்மை ஆணை போடும்? ஆணை இல்லாமல் பதிவு எண் இல்லை, பதிவு எண் இல்லாமல் ஹால் டிக்கெட் இல்லை. ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஃபீஸைக் கட்டிவிடுங்கள்’ என்று ஏதாவது கல்லூரி சொன்னால் கட்டாதீர்கள். இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கல்லூரிக்குக் கிடையாது, பல்கலைக்கழகத்துக்குத்தான் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் மாற்றியே தீருவேன் என்றால், வரிசையைப் பிசகாமல் செய்யுங்கள். முதலில் சென்னைக் கல்லூரியிடமிருந்து ‘இடம் இருக்கிறது, சேர்த்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை’ என்று எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு உங்கள் கல்லூரியின் தடையின்மைச் சான்று. எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும், வருகைச் சான்றும், பாடத்திட்டமும் சேர்த்து இணைத்தன்மைக்கு விண்ணப்பம். பாடத்திட்டம் என்றால் இணையதளத்தில் இன்றைக்குக் கிடப்பது இல்லை. அவள் சேர்ந்த ஆண்டில் நடப்பில் இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் கல்லூரி முத்திரையோடு வேண்டும். பல்கலைக்கழக ஆணை கைக்கு வந்த பிறகுதான் டி.சி.யும் இடப்பெயர்வுச் சான்றிதழும் வாங்க வேண்டும். பலர் டி.சி.யை முதலில் வாங்கிவிட்டு இரண்டு கல்லூரிக்கும் நடுவில் நிற்கிறார்கள். வாங்கிய அன்றே பழைய கல்லூரிப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

இன்னொன்று, இது நீங்கள் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும். கல்யாணம் ஆன கையோடு ஆதாரில் கணவர் பெயரைச் சேர்க்க ஓடாதீர்கள். கிரெடிட் கணக்கு டிஜிலாக்கர் வழியாக ஆதாரோடு பிணைந்தது. ஏற்கெனவே ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் மதிப்பெண் பட்டியலில் வெறும் இனிஷியலாகவும் இருந்து, பொருந்தாமல் பிள்ளைகள் அலைகிறார்கள். பட்டம் கைக்கு வரட்டும், பிறகு மாற்றலாம்.

நான் சொல்வது இதுதான்: கல்லூரியை மாற்றாதீர்கள், தேதியை மாற்றுங்கள். 6-வது செமஸ்டர் தேர்வு ஏப்ரல், மே மாதத்தில் முடிந்துவிடும். வைகாசியில் முகூர்த்தத்துக்கா பஞ்சம்? ஏழு மாதம் தள்ளிப்போனால் முறிந்துபோகிற சம்பந்தம் என்றால், அது இப்போதே தெரிவது உங்களுக்கு நல்லது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு நகையும் மண்டபமும் மட்டும் கடமை இல்லை. மூன்று வருடம் ஃபீஸ் கட்டிய பட்டத்தையும் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

வைகாசி வரை தள்ளவே முடியாது என்றால் இரண்டாவது வழி: தேர்வு அட்டவணையில் கடைசி பேப்பருக்கு அடுத்த முகூர்த்தம். மார்கழி பிறப்பதற்குள் கார்த்திகையில் கிடைக்கும். அதன் பிறகு கடைசி செமஸ்டருக்கு அவள் கோவை விடுதியில் தங்கட்டும். வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் சென்னை. 90 வேலை நாளில் 75 சதவீதம் வருகை என்றால் 22 நாள் வரை லீவு போடலாம். மறுவீடு, விருந்து எல்லாம் அதற்குள் அடக்குங்கள். 23-வது நாள் விருந்துக்குக் கூப்பிடுகிற அத்தையிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். ஏதாவது விருப்பப் பாடத்தை ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளத்தில் படித்துத் தேர்வைச் சென்னையில் எழுத அவள் கல்லூரி ஒப்புக்கொள்ளுமா என்றும் கேளுங்கள். ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை யு.ஜி.சி. அனுமதிக்கிறது, ஆனால் எந்தப் பாடத்துக்கு என்று தீர்மானிப்பது கல்லூரி.

சம்பந்தி வீட்டாருக்கு மருமகள் சென்னையில் படிக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசை இருந்தால், அதற்கு எம்.எஸ்சி. இருக்கிறது. பட்டத்தோடும் இடப்பெயர்வுச் சான்றிதழோடும் புதிதாகச் சேரலாம், ஒரு கிரெடிட்டையும் மாற்ற வேண்டாம்.

நாளைக்கே கல்லூரித் தேர்வு அலுவலகத்துக்குப் போய் நவம்பர் தேர்வு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு சம்பந்தியிடம் நீங்களும் உங்கள் கணவரும் போய்ப் பேசுங்கள். மகளை விட்டு மாப்பிள்ளையிடம் பேசச் சொல்லாதீர்கள். தேதி குறித்தது அவள் இல்லை.