ஒரே பல்கலைக்கழகத்திற்குள் பல கலையரங்குகள் எதற்கு?

பல்கலைக்கழக நிகழ்த்துகலை மையம் என்பது இசை, நாடகம், நடனம் பயிலும் மாணவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் நிகழ்த்திப் பழகும் இடமாகும். மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவமனை எவ்வளவு இன்றியமையாததோ, கலைத்துறைக்கு அரங்கும் அவ்வளவு இன்றியமையாதது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1969இல் திறக்கப்பட்ட கிரானர்ட் மையம் இதற்குச் சிறந்த சான்று. மேக்ஸ் அப்ரமோவிட்ஸ் வடிவமைத்த இந்த வளாகத்தில், 2,000க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட இசையரங்கு, இசைநாடகத்திற்கும் நடனத்திற்கும் ஓர் அரங்கு, பேச்சு நாடகத்திற்கு ஒன்று, சோதனை முயற்சிகளுக்குச் சிறிய அரங்கு ஒன்று எனத் தனித்தனியே உள்ளன.

இதற்கு அடிப்படைக் காரணம் ஒலி. வாத்தியக் குழு வாசித்து நிறுத்திய பின்பும் ஏறத்தாழ இரண்டு விநாடிகள் நாதம் கூடத்தில் நிலைத்தால்தான் இசை செறிவாகக் கேட்கும். ஆனால் அதே கூடத்தில் நடிகர் வேகமாக வசனம் பேசினால், முந்தைய அசையின் முழக்கம் அடுத்த அசையை மூடிவிடுவதால் சொற்கள் குழம்பும். பேச்சுக்கு ஒரு விநாடி அளவே போதும். ஒரே கூடம் இரண்டுக்கும் முழுமையாகப் பொருந்துவது கடினம்.

மேடைக்குப் பின்னால் நடக்கும் கல்வியை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன்: ஆடை தைப்பது, காட்சியமைப்புக்கு மரம் அறுப்பது, விளக்குகளை உரிய கோணத்தில் பொருத்துவது ஆகியவற்றை மாணவர்கள் உண்மையான நிகழ்ச்சிக்காகவே, குறித்த நாளுக்குள் செய்து முடிக்கக் கற்கிறார்கள்.

இத்தகைய மையங்கள் கலை மாணவர்களுக்கு மட்டுமே உரியவை என்று பலர் எண்ணுவது தவறு. நுழைவுச்சீட்டு பெற்று எவரும் நிகழ்ச்சிகளைக் காணலாம்.