எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்?

(ரங்கூனில் முப்பது ஆண்டுகளாகத் தமிழ் வகுப்பு நடத்திவரும் ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை சினிமா பற்றியவை.)

கேள்வி: டீச்சர், என் தோழி தன் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தபோது 'மெய்யழகன்' படத்தை வெளியான முதல் நாளே தியேட்டரில் பார்த்தாள். நான் சில மாதங்கள் கழித்து இங்கே வீட்டில் பார்த்தேன். அவள் உருகி உருகிச் சொல்லும் சில பேச்சுகள் நான் பார்த்த படத்தில் இல்லவே இல்லை. நான் தூங்கிவிட்டேன் என்கிறாள். சத்தியமாக நான் கண் மூடவில்லை. யார் சொல்வது சரி?
— வாசகி, திங்கஞ்ஜூன்

பதில்: இருவர் சொல்வதும் சரிதான் அம்மா. நீங்கள் தூங்கவில்லை, அவரும் இட்டுக்கட்டவில்லை. 2024 செப்டம்பர் கடைசியில் அந்தப் படம் வந்தபோது ஏறக்குறைய 3 மணி நேரம் ஓடியது. நீளம் அதிகம் என்ற பேச்சு எழுந்ததும், சில நாட்களுக்குள் படக்குழுவினரே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்துவிட்டார்கள். தோழி பார்த்தது முதல் நாள் படம், நீங்கள் பார்த்தது குறைத்த படம். நட்பை முறித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பேச்சுகளை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வெட்டுப்பட்ட 18 நிமிடமும் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

இந்தப் படத்தைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேர் என் வீட்டில் கூடுவோம். தையல் வேலை செய்யும் அக்கா, ரயில்வேயில் ஓய்வுபெற்ற அண்ணன், அரிசிக் கடைத் தம்பி, அவன் மனைவி, நான். படத்தின் தொடக்கத்தில், சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து ஒரு குடும்பம் சென்னைக்குக் கிளம்புகிறது. 1996-இல் நடப்பதாகக் காட்டுகிறார்கள். அந்த வீட்டுப் பையன் பல ஆண்டுகள் கழித்து ஊருக்குத் திரும்பிப் போவதுதான் கதை. அந்த இடத்தில் அக்கா எழுந்து உள்ளே போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். திரும்பி வரவே இல்லை. போய்ப் பார்த்தால், அடுப்படியில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய அண்ணனுக்குக் கம்மாயுட்டில் துணிக்கடை இருந்தது. 1964-இல் கடைகளெல்லாம் அரசுடைமை ஆனபோது அதுவும் போயிற்று. அடுத்த ஆண்டு அண்ணன் குடும்பத்தோடு சென்னைக்குக் கப்பல் ஏறினார். அக்கா அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமி, தாயோடு இங்கேயே தங்கிவிட்டார். கடையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு பொருள்தான்: துணி அளக்கும் கஜக்கோல். இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் போட்டது. நடுவில் கை படும் இடம் தேய்ந்து வழவழவென்று குழிந்திருக்கும். இன்றைக்கும் அக்கா ரவிக்கைத் துணியை அதில்தான் அளக்கிறார். அன்று படம் முடிந்த பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பையனுக்குத் திரும்பிப் போக ஒரு ஊராவது இருந்தது."

அந்தப் படத்துக்கு எத்தனையோ விமர்சனங்கள் படித்தேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எதுவும் இல்லை.

கேள்வி: பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, முடிவும் இல்லை. 'கொட்டுக்காளி' பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். இப்படியும் ஒரு படமா?
— வாசகர், பெகு

பதில்: படம்தான் ஐயா. நல்ல படம் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

எங்கள் வீட்டிலும் அது சுலபமாக நடக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆனதும் ரயில்வே அண்ணன் எழுந்து ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். பிறகு வயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். இசை வராதது ஸ்பீக்கரின் குற்றம் இல்லை, இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்று நான் சொன்னதும் மனமில்லாமல் உட்கார்ந்தார். அதன்பின் நடந்ததைக் கேளுங்கள். காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, உறவினர்கள் அவளைச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போகும் கதை அது. வழியில் ஒரு மாடு பாதையை மறித்துக்கொண்டு நிற்கும். கூட வந்த ஆண்கள் அத்தனை பேரும் செய்வதறியாமல் தயங்கி நிற்பார்கள். ஒரு சிறுமி வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். இசை முழங்கியிருந்தால் அங்கே நாம் சிரித்திருப்போம், அல்லது கைதட்டியிருப்போம். இசை இல்லாததால் யாரும் வாய் திறக்கவில்லை. ரயில்வே அண்ணன்தான் மெல்லச் சொன்னார்: "இவ்வளவு பேர் சேர்ந்து ஒரு பெண்ணை அடக்கக் கிளம்பியிருக்கிறார்கள், மாட்டை நகர்த்தத் தெரியவில்லை." அந்தக் காட்சி எதற்காக வைக்கப்பட்டது என்பதை அவர்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் பெண்ணாக நடித்த அன்னா பென் படம் முழுக்கப் பேசுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அவளுக்காக மற்ற எல்லோரும் பேசுகிறார்கள், கத்துகிறார்கள், அடிக்கவும் செய்கிறார்கள். கடைசியில் படம் நம் கையில் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. உங்கள் வீட்டில் திட்டுகிறார்கள் என்றால் அந்தக் கேள்வி அவர்களையும் தொட்டிருக்கிறது. "அந்தப் பெண்ணை என்ன செய்திருக்க வேண்டும்?" என்று வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். முக்கியமாகப் பெண்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ரங்கூனிலிருந்து தொடங்கும் பழைய தமிழ்ப் படம் ஒன்று உண்டு என்று பாட்டி அடிக்கடி சொல்கிறார். பெயர் மறந்துவிட்டதாம். எந்தப் படம் டீச்சர்?
— மாணவி, மோல்மின்

பதில்: 'பராசக்தி'தான் கண்ணே. 1952 தீபாவளிக்கு வந்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசனின் முதல் படம். கதையில் மூன்று அண்ணன்மார் ரங்கூனில் வாழ்கிறார்கள், தங்கை மதுரையில். தங்கை திருமணத்துக்குப் போகவேண்டும். போர்க்காலம், ஒரே ஒரு கப்பல் டிக்கெட்தான் கிடைக்கிறது. கடைசித் தம்பி மட்டும் கிளம்புகிறான். மற்ற இரு அண்ணன்மாரும் பிறகு குண்டுவீச்சுக்குத் தப்பி அகதிகளாக நடந்து போகிறார்கள்.

இந்தப் படத்தை என் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவுக்கு இப்போது வயது 89. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தபோது ஐந்து வயதுக் குழந்தை. தாத்தா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தாமு வழியாக மணிப்பூர் வரை நடந்தார். போர் முடிந்துதான் திரும்பி வந்தார்கள். படத்தில் அகதிகள் நடக்கும் காட்சி வந்ததும் அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். காட்சி முடிந்து கதை வேறு பக்கம் திரும்பியது. அம்மா என் கையைப் பிடித்து, "அவ்வளவுதானா? இன்னும் நடக்க வேண்டுமே" என்றார். பிறகு, காலில் சாக்குத் துணி சுற்றிக்கொண்டு நடந்ததையும், தாத்தா வேட்டியைக் கிழித்துக் கிழித்து அது அரைவேட்டி ஆனதையும், ஒரு மலைச் சரிவில் யாரோ ஒருவர் தையல் மெஷினை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனதையும் சொன்னார். அந்த மெஷினைப் பற்றி இதற்கு முன் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

உன் பாட்டியோடு சேர்ந்து பார். பக்கத்தில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்.

கேள்வி: நானும் நண்பனும் ஒரு படத்தால் பேச்சை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. நான் 'அருமை' என்றேன், அவன் 'குப்பை' என்றான். வார்த்தை தடித்துவிட்டது. யார் முதலில் பேசுவது?
— வாசகர், தட்டோன்

பதில்: நீங்கள்தான் தம்பி. கடிதம் எழுதியது நீங்கள் அல்லவா, அவரை நினைத்துக்கொண்டிருப்பதும் நீங்கள்தான்.

'அருமை' என்பதும் 'குப்பை' என்பதும் தீர்ப்புகள். தீர்ப்புச் சொன்ன பிறகு பேச என்ன மிச்சம் இருக்கிறது? எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். படம் முடிந்து முதல் பத்து நிமிடத்துக்கு நல்லது, கெட்டது என்று யாரும் சொல்லக் கூடாது. தாம் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தோம், எந்த இடத்தில் கண் கடிகாரத்துக்குப் போனது, எந்த முகம் இன்னும் நினைவில் நிற்கிறது. அரிசிக் கடைத் தம்பியின் மனைவி ஒருமுறை, கதாநாயகி மழையில் நனைந்து வீட்டுக்குள் வந்தபோது சேலை காய்ந்திருந்தது என்றார். தம்பி உடனே, அவள் அழுத முகத்தை மட்டுமே நான் பார்த்தேன் என்றான். இருவரும் ஒரே திரையைத்தான் பார்த்தார்கள். தேநீர் ஆறும்வரை அந்தச் சேலையைப் பற்றியே பேசினோம்.

நண்பரிடம் போங்கள். "எந்த இடத்தில் உனக்குப் பிடிக்காமல் போயிற்று?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

கேள்வி: 'மகாராஜா' பார்க்கும் முன்பே கடைசியில் என்ன நடக்கும் என்று மைத்துனர் சொல்லிவிட்டார். இனிப் பார்க்கலாமா?
— வாசகர், சிரியம்

பதில்: பாருங்கள். ஆனால் மைத்துனர் செய்தது தவறு, அதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். முன்னது பின்னதாகக் கலைத்து அடுக்கிய கதை அது. விடை தெரிந்தாலும், இயக்குநர் நித்திலன் சாமிநாதன் அதை எப்படி ஒளித்து வைத்தார் என்று கவனித்துக்கொண்டே பார்க்கலாம்.

கேள்வி: என் தமிழைக் கேட்டு ஊரிலிருந்து வந்த உறவினர்கள் சிரிக்கிறார்கள். நடுநடுவே பர்மியச் சொல் வருகிறதாம். 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இது பலவீனமா?
— வாசகி, ரங்கூன்

பதில்: பலவீனம் இல்லை அம்மா. 2025 மே மாதம் வந்த அந்தப் படத்தில், இலங்கையிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் சென்னையில் தன் பேச்சை மறைத்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கிறது. தமிழர் நடுவே நின்றுகொண்டு தமிழ் பேசப் பயப்படும் நிலை அது. நமக்குத் தொண்டை அடைக்காமல் வேறு யாருக்கு அடைக்கும்?

நாம் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, "நான்பியாவும் பேப்பியோவும் கொண்டு வா தம்பி" என்று சொல்கிறோம். ரொட்டிக்கும் அவித்த பட்டாணிக்கும் சொல்லும் அந்தப் பெயர்கள் இரண்டும் பர்மியம், வாக்கியக் கட்டு முழுவதும் தமிழ். நூறாண்டுக்கு மேல் இந்த மண்ணில் சோறு உண்ட பேச்சு அப்படித்தான் இருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளிடம் எழுதும்போது எழுத்துத் தமிழ் எழுது, வீட்டில் உன் அம்மா பேசுவதைப் பேசு என்றுதான் சொல்லி வருகிறேன். உறவினர் அடுத்த முறை சிரித்தால் அந்தப் படத்தைப் போட்டு அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் பேச்சை அவர்களே தொடங்கட்டும்.

கேள்வி: வரும் ஞாயிறு உங்கள் வீட்டில் என்ன படம்?
— பலர்

பதில்: 'கூழாங்கல்'. வினோத்ராஜின் முதல் படம், 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. சுமார் 75 நிமிடம்தான். எங்கள் தெருவுக்கு முறை வைத்து மின்சாரம் வருகிறது, அதற்குள் முழுப் படத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். இதில் வழியெல்லாம் நடை, பேச்சு கொஞ்சம். ரயில்வே அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன், ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது என்று. அம்மாவும் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட வேண்டும்.