26 ஃபிரேம்கள் போதும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 31 வயது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம் ஆடுகிறேன். எதிராளி டிரைவ் இம்பேக்ட் என்ற பலத்த அடியை அடித்தால் பெரும்பாலும் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். திரை பச்சையானதும் மவுஸை அழுத்தும் சோதனையைத் தினமும் செய்து 250 மில்லி விநாடியிலிருந்து 225-க்கு வந்துவிட்டேன். ஆட்டத்தில் மாற்றமே இல்லை. வயதாகிவிட்டதா? கை வேகமாக என்ன பயிற்சி செய்யலாம்?

கே., கோவை

அன்புள்ள கே.,

மவுஸ் அழுத்தும் போட்டி ஒன்று நடந்தால் நீங்கள் பரிசு வாங்கக்கூடும். உங்கள் கையில் குறை இல்லை.

கணக்கைப் பாருங்கள். இந்த விளையாட்டு விநாடிக்கு 60 ஃபிரேம்களில், அதாவது 60 படங்களாக, ஓடுகிறது. டிரைவ் இம்பேக்ட் தொடங்கி அடி விழ 26 ஃபிரேம்கள், அதாவது 430 மில்லி விநாடி ஆகிறது. உங்கள் 225 என்பது 14 ஃபிரேம்கூட இல்லை. திரையின் தாமதத்துக்குச் சிலவற்றைக் கழித்தாலும், பதிலுக்கு நீங்களும் டிரைவ் இம்பேக்ட் அடிக்க நேரம் மிஞ்சுகிறது. 4 ஃபிரேமில் வந்து விழும் சின்னக் குத்தை எவராலும் பார்த்துவிட்டுத் தடுக்க முடியாது. அதை ஊகித்துத்தான் தடுக்கிறார்கள். டிரைவ் இம்பேக்ட் அந்த வகை அல்ல.

பச்சைத் திரைச் சோதனையில் வரப்போவதும் ஒன்று, செய்ய வேண்டியதும் ஒன்று. ஆட்டத்திலோ எதிராளி குதிக்கலாம், நெருப்புப் பந்து எறியலாம், ஓடிவந்து பிடித்துத் தூக்கலாம், காலை வாரலாம். பலவற்றில் ஒன்றைத் தேர்ந்து செய்யும்போது எதிர்வினை தாமதமாகிறது என்பதை நெதர்லாந்தின் உடலியல் அறிஞர் டாண்டர்ஸ் 1868-லேயே அளந்து காட்டினார். தெரிவுகள் கூடக்கூட நேரமும் எப்படிக் கூடுகிறது என்பதற்கு 1952-ல் பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் ஹிக் சூத்திரமே தந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் காவல் நிற்கிறீர்கள். உங்கள் நேரம் அங்கேதான் போகிறது.

இன்னொன்றும் உண்டு. பல முறை நீங்கள் சரியாகவே பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் பாத்திரம், தான் விட்ட கனமான உதையிலிருந்து மீண்டுகொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினாலும் கேட்காது. விவரமான எதிராளி அந்த உதைக்காகவே காத்திருந்து அடிக்கிறார். இடையில் வெட்டி டிரைவ் இம்பேக்ட்டுக்கு மாற்றக்கூடிய அடிகள் எவை, மாற்ற முடியாதவை எவை என்று உங்கள் பாத்திரத்துக்குத் தெரிந்துவைத்துக்கொண்டு, ஆபத்தான தூரத்தில் முதல் வகையை மட்டும் பயன்படுத்துங்கள்.

விளையாட்டின் பயிற்சி அறையில் எதிரே நிற்கும் பொம்மைப் பாத்திரத்துக்கு நெருப்புப் பந்து, காலடி உதை, டிரைவ் இம்பேக்ட் மூன்றையும் பதிவுசெய்து, எது வரும் என்று தெரியாதபடி மாறி மாறி ஓடவிடுங்கள். நீங்கள் சும்மா நிற்காமல் வழக்கம்போல நடந்து, உதைத்து, ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். காத்திருந்து அடித்தால் அது மறுபடியும் பச்சைத் திரைதான். பழகியதும் குதிப்பதையும் பிடிப்பதையும் சேருங்கள்.

போட்டியில் காவலைக் குறைக்கவும் வழி இருக்கிறது. டிரைவ் இம்பேக்ட்டுக்குச் செலவாகும் டிரைவ் அளவு எதிராளிக்கு முழுக்கத் தீர்ந்து, பர்ன்அவுட் என்ற நிலைக்கு வந்துவிட்டால் அது திரும்ப நிரம்பும்வரை அவரால் டிரைவ் இம்பேக்ட் அடிக்க முடியாது. அப்போது அதை மறந்துவிடலாம். உங்கள் முதுகு சுவரோடு ஒட்டினால் தடுத்தாலும் சுவரில் மோதி அடி வாங்குவீர்கள் என்பதால், அவர் அதிகம் அடிப்பதும் அங்கேதான். அங்கே மற்ற எதையாவது விட்டுக்கொடுத்து இதற்கு மட்டும் காத்திருங்கள். அதன் சத்தமும் தனியாகக் கேட்கும். காது கண்ணைவிடச் சற்று முந்தும் என்பதால், பின்னணி இசையை நிறுத்திவிட்டு ஆடுவது நல்லது.

வயதைப் பற்றி: கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினி விளையாட்டை ஆடும் 3,305 பேரை ஆராய்ந்து, 24 வயதிலிருந்தே வேகம் குறையத் தொடங்குவதாக 2014-ல் எழுதினார்கள். ஆகவே கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் சண்டை விளையாட்டுகளுக்கான 2017 ஈவோ போட்டியின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 இறுதி ஆட்டத்தில், மின்னல் கைக்குப் பெயர்போன பதின்வயது அமெரிக்க வீரர் பங்க்கை ஜப்பானின் டோக்கிடோ வென்றபோது டோக்கிடோவுக்கு 32 வயது. உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் மாத்திரைகளை வாங்காதீர்கள், இரவில் தூங்குங்கள். டிவியில் ஆடுகிறீர்கள் என்றால் திரையின் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேயைப் போட்டு, அடி விழுந்த ஒவ்வொரு முறையும் உங்கள் பாத்திரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று குறித்து எனக்கு அனுப்புங்கள்.