கதவைத் திறந்து போட்டுத் தூங்கினீர்களா?

கேள்வி: சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரே தெருவில் வளர்ந்த நாங்கள் சிலர் சேர்ந்து, பழைய நினைவுகளை ஒரு மலராகக் கொண்டுவரப் போகிறோம். தெருக் கிரிக்கெட், நவராத்திரிச் சுண்டல், அயோத்தியா மண்டபத்துக் கச்சேரி, கதவைத் திறந்து போட்டுத் தூங்கிய இரவுகள் என்று எல்லோரும் கவலையே இல்லாமல் வாழ்ந்த காலம் அது. இன்றைய பிள்ளைகளுக்கு ஏன் அது வாய்க்கவில்லை? (ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்)

பதில்: கதவைத் திறந்து போட்டுத் தூங்கினீர்களா? மேற்கு மாம்பலத்திலா? கொசுவை எப்படி மறந்தீர்கள்?

என் பெரியம்மா வீடு அங்கேதான் இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே ஜன்னல்களைச் சாத்தி, வேப்பிலையைப் புகைய விட்டு, கண் எரிய எரிய எங்களை உள்ளே உட்கார வைப்பார். ராத்திரி கொசுவலையை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகுவதும் அவர் வேலைதான். வலையில் ஓட்டை விழுந்த இடமெல்லாம் வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டி வைத்திருப்பார், வலைக்கு உள்ளேயிருந்து பார்த்தால் அந்த முடிச்சுகள்தான் கண்ணில் படும். இத்தனைக்குப் பிறகும் ஒன்று உள்ளே வந்துவிடும். விளக்கைப் போடு, கையைத் தட்டு, இங்கே இல்லை, அங்கே போயிற்று, உன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது அசையாதே என்று பாதி ராத்திரி வரை வீடே அதன் பின்னால் அலையும். பெரியப்பா மட்டும் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விடுவார்.

அது வெறும் கடி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மாம்பலத்தில் கொசு பரப்பும் யானைக்கால் நோய் நிஜமான பயமாக இருந்தது. அந்தக் கிருமியின் குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் மேல்ரத்தத்துக்கு வரும் என்பதால், ரத்தம் எடுக்கும் சுகாதார ஊழியர்களும் ராத்திரிதான் வருவார்கள். தூங்கும் பிள்ளையை எழுப்பி, விரலில் குத்தி, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு. முடிவு வரும்வரை அம்மாக்களுக்கு வேறு எதிலும் மனசு ஓடாது. உங்கள் மலரில் இதற்கு ஒரு பக்கம் உண்டா?

இந்தக் கொசு சாக்கடையில் பெருகுகிற ஜாதி. சாக்கடை ஏன் தேங்கியது என்று கேட்டால் நான் பழையபடி ஏரிக்குத்தான் போவேன். இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும், சலித்தாலும் பரவாயில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். நீதிக்கட்சி ஆட்சி நடந்த காலம் என்பதால் தியாகராயச் செட்டியார், பனகல் அரசர், உஸ்மான், நடேசன் என்று தலைவர்களின் பெயர்கள் நகருக்கும் பூங்காவுக்கும் சாலைக்கும் வந்தன. ஏரியின் ஞாபகமாக மேற்கு மாம்பலத்தில் ஒரு லேக் வியூ ரோடு இருக்கிறது. தண்ணீர் போவதற்கு மிஞ்சியது மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் தொடங்கி தி.நகர் வழியாக நந்தனம் அருகே அடையாற்றில் சேர வேண்டியதைக் குப்பையும் கட்டட இடிபாடும் போட்டு அடைத்தோம்.

இதை எழுதும்போதெல்லாம் எனக்குச் சண்டைக் கடிதம் வருகிறது. 'எங்கள் காலத்தில் தி.நகரில் தண்ணீர் நின்றதே கிடையாது, எல்லாம் இப்போது வந்த கேடு' என்று. 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோதும் அதையேதான் எழுதினார்கள். ரயில் பாதைக்கு அடியில் போகும் துரைசாமி சப்வேயில் மழைத் தண்ணீர் நிற்பது நேற்று முளைத்த கதையா? நிற்காமல் இருந்தது என்றால், அன்றைக்குச் சுற்றிலும் மண்ணும் தோட்டமும் கிணறும் இருந்து குடித்துக்கொண்டன. அவற்றின் மேல் சிமென்ட் போட்டது வேற்றூர்க்காரர்கள் இல்லை. நாம்தான், நம் அப்பாக்கள்தான், பிளாட் வருகிறது என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டவர்கள்.

சரி, 'எல்லோரும் கவலையே இல்லாமல்' என்கிறீர்கள். எல்லோரும் என்றால் யார்? நான் ஒண்டுக் குடித்தனத்தில் வளர்ந்தவன். ஐந்து குடும்பத்துக்கு ஒரு அடிபம்பு. விடியற்காலை தண்ணீர் வருகிற நேரத்துக்கு எழுந்தது என் அம்மாவும் அக்காவும். முதலில் ஒரு சொம்புத் தண்ணீரை பம்பின் வாயில் ஊற்ற வேண்டும், அதற்காகவே முந்தின நாள் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டால் பக்கத்துப் போர்ஷனில் கெஞ்ச வேண்டும். அக்காவுக்கு உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது. அதே தெருவில்தான் நான் காலை ஆறு மணிக்கு மட்டையோடு போனேன், எனக்குக் கவலை இல்லை, ஏனென்றால் என் கவலையையும் சேர்த்து அவள் இடுப்பில் சுமந்துவிட்டாள். 2003-04 வறட்சியில் குழாய்த் தண்ணீரே மாதக்கணக்கில் நின்றபோது லாரிக்குக் குடத்தோடு ஓடியவர்களும் பெண்கள்தான். வரிசையில் இடம் போடச் செருப்பையும் செங்கல்லையும் வைத்துவிட்டு, உள்ளே ஓடி உலையைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

உங்கள் தெருவை நீங்கள் நேசிப்பது தப்பே இல்லை, நானும் நேசிக்கிறேன், அந்தச் சுண்டலும் கச்சேரியும் பொய்யில்லை. ஆனால் மலரில் எழுதப் போகிற எல்லோரும் அன்றைக்கு மட்டை பிடித்தவர்கள் என்றால் அது பாதித் தெருதான்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஏன் வாய்க்கவில்லை என்று கேட்டீர்கள். தெருவின் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது. பந்து போட இடமில்லை. ஏதாவது செய்ய நினைத்தால் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அந்தத் தெருவில் வண்டி நிறுத்தாமல் இருக்கச் சம்மதம் வாங்குங்கள், பிள்ளைகள் தானாக வருவார்கள்.

அப்புறம் மலர் வேலை. உங்கள் அம்மா இருந்தால், அக்கா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள். எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, யார் எழுந்தது, ரத்தம் எடுக்க வந்த ராத்திரி என்ன நினைத்தீர்கள் என்று கேளுங்கள். வீடுகளில் பாத்திரம் தேய்க்க வந்தவர், துணி தேய்க்கும் வண்டிக்காரர், இவர்களில் யாராவது இன்னும் அந்தப் பக்கம் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். சொல்வதை அவர்கள் பேச்சிலேயே போடுங்கள், அழகுபடுத்த வேண்டாம். பக்கம் போதாவிட்டால் கிரிக்கெட் கட்டுரைகளில் இரண்டை எடுத்துவிடலாம். மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.