இரண்டாவது ஒன்று எங்கே போகிறது? பழைய யுனிவர்சல் ரிமோட் குறித்த வாசகர் கேள்விகள்

மற்றொரு ரிமோட்டின் சமிக்ஞையைப் பதிந்து அப்படியே அனுப்பும், கற்றுக்கொள்ளும் வகை ரிமோட் ஒன்றில் என் பழைய டிவி ரிமோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தேன். 12ஆம் சேனல் ஒழுங்காக வருகிறது. 11ஐ அழுத்தினால் மட்டும் டிவி ஒரே ஒரு 1ஐ எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. ரிமோட் பழுதா? (மன்னார்குடி வாசகர்)

ரிமோட்டில் பழுது இல்லை. உங்கள் டிவி பெரும்பாலும் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ஆர்.சி.5 முறையில் இயங்குவதாக இருக்கும். அம்முறையில் ஒவ்வொரு கட்டளையும் 14 பிட் (0 அல்லது 1 என்னும் குறி) கொண்டது. அவற்றுள் ஒரு பிட், நாம் விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தும் ஒவ்வொரு முறையும் 0, 1 என்று மாறி மாறி வரும். அது மாறியிருந்தால் புதிய அழுத்தம் என்றும், மாறாதிருந்தால் விரல் இன்னும் எடுக்கப்படவில்லை என்றும் டிவி பொருள்கொள்கிறது. கற்றுக்கொண்ட ரிமோட்டோ, பதிவின்போது கேட்டதைக் கிளிப்பிள்ளை போல் அப்படியே ஒப்பிப்பதால், அந்த பிட் ஒருபோதும் மாறுவதில்லை. உங்கள் இரண்டாவது 1 போய்ச் சேர்ந்தும் கணக்கில் வராமல் போவது அதனால்தான்.

இதற்கு வழி, முதலில் ரிமோட்டுடன் வரும் பட்டியலிலிருந்து உங்கள் டிவிக்கான குறியீட்டு எண்ணைக் கொடுத்து ரிமோட்டை அமைத்துக்கொண்டு, அதில் அடங்காத ஓரிரு பொத்தான்களை மட்டும் கற்பிப்பதாகும். ரிமோட்டுக்குள்ளேயே இருக்கும் குறியீடுகள் அந்த பிட்டைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். கற்பிக்கும்போது இரு ரிமோட்டுகளையும் இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் நேருக்கு நேர் வைத்து, சி.எஃப்.எல். விளக்கையும் எலக்ட்ரானிக் சோக் கொண்ட டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். ரிமோட்டின் ஒளி விநாடிக்கு 36,000 முதல் 40,000 முறை துடிக்கிறது. அவ்விளக்குகளின் துடிப்பும் ஏறத்தாழ அந்த எல்லைக்குள்ளேயே விழுவதால் பதிவு கெட்டுவிடும்.

செல் மாற்றும்போதெல்லாம் பதிந்தவை அழிந்துவிடுகின்றன. ஒவ்வொரு செல்லாக மாற்றினால் அழியாது என்கிறார் நண்பர். (கும்பகோணம் வாசகர்)

நண்பர் சொல்வது பரவலான நம்பிக்கை, ஆனால் பயன் இல்லை. இரண்டு செல்களும் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றைக் கழற்றிய கணமே மின்சுற்று அறுபட்டுவிடும். அந்த இடைவெளியில் நினைவகத்தைக் காப்பது போர்டில் உள்ள, சிறிதளவு மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு மின்தேக்கி (கெபாசிட்டர்) மட்டுமே. ஆகவே புதிய செல்களைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு விரைவாக மாற்றுங்கள். இடையில் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள், தொட்டால் மின்தேக்கியில் மிஞ்சியிருப்பதும் தீர்ந்துவிடும். மின்சாரம் இல்லாமலும் பதிவைக் காக்கும் ஈஈப்ராம் (EEPROM) நினைவகம் கொண்ட ரிமோட்டுகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

செல் வைக்கும் இடத்தில் ஸ்பிரிங் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிட்டது. வினிகர் தடவலாமா? (வேதாரண்யம் வாசகர்)

எந்தச் செல் கசிந்தது என்பதைப் பார்த்த பிறகே தடவ வேண்டும். ஆல்கலைன் செல்லின் கசிவு காரத்தன்மை கொண்டது. அதற்கு வினிகர் பொருந்தும். பெட்டிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் துத்தநாக-கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை கொண்டது. அதற்குத் தண்ணீரில் கரைத்த சமையல் சோடாவே மருந்து. எதுவாயினும் பஞ்சுக்குச்சியில் சிறிதளவு மட்டும் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மறுபடி துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செல்லைப் போடுங்கள். உங்கள் ஊரின் உப்புக்காற்றில் இது அடிக்கடி வரக்கூடியது. பயன்படுத்தாத ரிமோட்டில் செல்லை விட்டுவைக்க வேண்டாம்.

சில பொத்தான்களை மட்டும் பலமாக அழுத்த வேண்டியிருக்கிறது. (பாபநாசம் வாசகர்)

மூடியைத் திறந்து, ரப்பர் விரிப்பின் அடியிலுள்ள கறுப்புப் பொட்டுகளையும் போர்டின் கார்பன் தடங்களையும் அதே ஆல்கஹாலால் மெதுவாகத் துடையுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவத்தை ஒருமுறை அவசரத்தில் பயன்படுத்தி, மேல்மூடியின் எழுத்துகளையெல்லாம் அழித்துவிட்டு, எது வால்யூம், எது மியூட் என்று பல நாள் தடவிக்கொண்டிருந்தவன் நான்.

2006க்குப் பிறகு அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி இன்றும் ஓடுகிறது, ரிமோட் தொலைந்துவிட்டது. குறியீட்டுப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. (திருத்துறைப்பூண்டி வாசகர்)

பெட்டியின் மேலிருக்கும் பெயரைவிட உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லே முக்கியம். வெவ்வேறு பெயர் கொண்ட பெட்டிகள் ஒரே குறியீட்டுக்கு இணங்குவது உண்டு. எனவே பட்டியலில் பிலிப்ஸ் எண்களை முதலில் முயன்று பாருங்கள். அமையாவிட்டால் தானியங்கித் தேடலுக்குப் போகலாம். ஒன் ஃபார் ஆல் (One For All) என்ற பெயரில் வரும் யுனிவர்சல் ரிமோட்டுகள் பலவற்றில் அதற்கான எண் 9-9-1. பவர் பொத்தானை நிதானமாக ஒவ்வொரு முறையாக அழுத்திக்கொண்டே வந்து, டிவி அணைந்தவுடன் நிறுத்திச் சேமியுங்கள். அணைந்ததாலேயே குறியீடு முழுதாகப் பொருந்திவிட்டது என்று எண்ணிவிடாமல், வால்யூம், மெனு, ஏ.வி. ஆகியவற்றையும் சோதித்து, அவை இயங்காவிட்டால் தேடலைத் தொடருங்கள். தேடிக் கண்ட எண்ணைச் செல் மூடியின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்.